பழைய லப்டொப் ஒன்றை வீட்டுச் சேர்வர் ஆக்குவது

வன்னியில் பல வீடுகளில் அலுமாரிக்கு மேலே ஒரு பழைய லப்டொப் தூசு பிடித்துக் கிடக்கும். ஒன்றுக்குத் திரையில் கோடு விழுந்திருக்கும். ஒன்றுக்கு விசைப்பலகையில் நாலு எழுத்து வேலை செய்யாது. இன்னொன்று நன்றாகத்தான் ஓடும். ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது, விண்டோஸ் 11 அதில் ஏறாது, ஆகவே "இனி இது சரிவராது" என்று ஒதுக்கி வைத்திருப்பார்கள். பழைய இரும்பு எடுக்க வருகிறவரிடம் அதைத் தூக்கிக் கொடுக்க முதல் கொஞ்சம் பொறுங்கள். ஒரு வீட்டுக்குத் தேவையான சேர்வர் அதில் தாராளமாக ஓடும்.

சேர்வர் என்றதும் குளிரூட்டிய அறையும் வரிசையாக மின்னும் பெட்டிகளும்தான் பலருக்கு ஞாபகம் வரும். உண்மையில் மற்றக் கருவிகள் கேட்பதை எடுத்துக் கொடுப்பதற்காக எந்நேரமும் விழித்திருக்கும் கணினி எதுவும் சேர்வர்தான். கேட்பது உங்கள் போனாக இருக்கலாம், மகளின் டப்லெட்டாக இருக்கலாம், முன்னறையில் இருக்கும் ரிவியாகவும் இருக்கலாம். சின்னக் கடை முதலாளி மாதிரி அது: ஆள் வந்து கேட்டால் எடுத்துக் கொடுக்கும், வராத நேரம் கதிரையில் சாய்ந்திருக்கும். வீட்டுச் சேர்வர் நாளின் பெரும்பகுதியைக் கதிரையில்தான் கழிக்கிறது. வேகமான சிப் தேவைப்படாததற்குக் காரணம் இதுதான். பழைய இயந்திரம் போதும் என்று சொல்வது சிக்கனத்துக்காக மட்டும் இல்லை.

எல்லாரும் முதலில் கேட்பது, "இதற்கு எவ்வளவு டேட்டா போகும்?" என்பதைத்தான். வீட்டுக்குள் பார்த்தால் எதுவும் போகாது. உங்கள் 4ஜி ரவுட்டர் இரண்டு வேலை செய்கிறது: ஒன்று, வெளியுலகத்தோடு இணைப்பது, மற்றது, வீட்டுக்குள் இருக்கும் கருவிகளை ஒன்றோடொன்று இணைப்பது. சேர்வரில் இருக்கும் படத்தை ரிவியில் போட்டால் அது ரவுட்டர் வரைக்கும் வந்து திரும்பி ரிவிக்குப் போகும், வெளியே இருக்கும் போன் கோபுரத்துக்குப் போகாது. மாத டேட்டா முடிந்த பிறகும் சேர்வர் வழக்கம்போலவே வேலை செய்யும்.

சரி, அதில் எதை வைப்பது? எங்கள் பக்கத்தில் நான் முதலில் சொல்வது குடும்பப் படங்களை. 2009க்கு முந்திய படம் ஒன்றுகூட இல்லாத வீடுகள் இங்கே ஏராளம். ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது அல்பங்கள் போன வழி தெரியாது. இப்போது கையில் இருப்பவை பெரும்பாலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் சித்தி, மாமா ஆட்கள் தங்களிடம் இருந்த பிரதியைப் போனில் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பியவை. வட்ஸ்அப் படங்களைச் சுருக்கித்தான் அனுப்பும். பெரிதாக்கினால் முகம் கலங்கும். அதே படத்தை 'டொக்கியுமென்ட்' ஆக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள், சுருங்காமல் வரும். அங்கே ஸ்கானர் வைத்திருப்பவர்கள் என்றால் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கான் செய்யச் சொல்லிக் கேட்கலாம். சாதாரண அல்பப் படம் ஒன்று அப்படி எடுத்தாலும் சில எம்பிதான் வரும். ஆயிரம் படம் சேர்ந்தாலும் ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும் அளவு. பிரச்சினை அளவில் இல்லை. எல்லாம் ஒரே போனில் கிடக்கிறது, அந்தப் போன் உடைந்தால் படமும் அதோடு போய்விடும் என்பதுதான் பிரச்சினை.

அடுத்தது பிள்ளைகளின் படிப்பு. சாதாரண தர, உயர்தரக் கடந்தகால வினாத்தாள்கள், 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் இருந்து இறக்கிய ஈழத்து நூல்கள், ஒருமுறை இறக்கி வைத்த பாடக் காணொளிகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டு வைக்கலாம். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் இருந்தால் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி சேர்வரில் வைத்துவிடலாம். ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள், இணையம் இல்லாமலே போனில் திறக்கும். ஆங்கில விக்கிப்பீடியா படங்களோடு ஏறத்தாழ 100 ஜிபி வரும், அதற்கு நல்ல இணைப்பு இருக்கும் இடத்தில் போய்த்தான் இறக்க வேண்டும்.

எந்த இயந்திரம்?

இங்கேதான் பலர் சிப்பின் வேகத்தைப் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது வாட் கணக்கை. எந்நேரமும் ஓடப்போகும் பொருள் என்பதால் வாங்கும் விலையை விட மின்சார பில்தான் பெரிய செலவு.

பென்டியம் 4 காலத்து மேசைக்கணினி சும்மா இருக்கும்போதே 80 வாட்டைத் தாண்டும். கோர் 2 டுவோ மேசைக்கணினி 50, 60 வாட் அளவில் நிற்கும். நாலாம் தலைமுறை ஐ3, ஐ5 என்றால் அதில் பாதி. பழைய லப்டொப் ஒன்று, திரையை அணைத்துவிட்டால், 10 முதல் 15 வாட்டோடு அடங்கிவிடும். இதை மாதக் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள். 60 வாட் கணினி நாள் முழுக்க ஓடினால் மாதத்துக்கு 43 யூனிற். 12 வாட் லப்டொப் என்றால் 9 யூனிற்றுக்கும் குறைவு.

வித்தியாசம் 34 யூனிற்தானே என்று விட்டுவிட முடியாது. நமது வீட்டு மின்கட்டணம் 30, 60, 90, 120, 180 என்று படி வைத்து ஏறுவது. 60ஐத் தாண்டினால் முதல் யூனிற்றில் இருந்தே வேறு விலை; நிலையான கட்டணமும் கூடும். மாதம் 55 யூனிற் எரிக்கும் வீட்டில் அந்த 60 வாட் கணினியை வைத்தால் 98 ஆகும். யூனிற் இரட்டிப்பாகவில்லை, ஆனால் பில் இரட்டிப்பையும் தாண்டி எங்கேயோ போய்விடும். அதே வீட்டில் லப்டொப்பை வைத்தால் 64. அதுவும் 60ஐத் தாண்டுகிறதுதான். ஆனால் ஒரு பழைய குண்டு பல்பை எல்ஈடியாக மாற்றினால் மீண்டும் கீழே வந்துவிடலாம். ஆகவே முதலில் உங்கள் கடைசி மூன்று மாத பில்லை எடுத்து, எந்தப் படியில், அதன் எந்த நுனியில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்.

உங்களிடம் இருக்கும் கணினி எத்தனை வாட் இழுக்கிறது என்று அறிய தனிக் கருவி வாங்கத் தேவையில்லை. வீட்டு டிஜிற்றல் மீற்றரில் ஒரு சிவப்பு விளக்கு மின்னும். ஒரு யூனிற்றுக்கு எத்தனை தரம் மின்னும் என்று மீற்றரின் முகத்திலேயே எழுதியிருக்கும். 1600 என்று வைத்துக்கொள்வோம். குளிர்சாதனப் பெட்டி உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு கணினியை மட்டும் ஓடவிட்டு, விளக்கு ஒருதரம் மின்னுவதற்கும் அடுத்த தரம் மின்னுவதற்கும் இடையில் எத்தனை விநாடி என்று போனில் எண்ணுங்கள். 36 இலட்சத்தை 1600ஆல் பிரித்து, வருவதை அந்த விநாடியால் பிரித்தால் வாட். 45 விநாடிக்கு ஒருமுறை மின்னினால் 50 வாட். மூன்று நிமிடம் கடந்தும் மின்னாமல் இருந்தால் 12 வாட் அளவு. அப்படியென்றால் அது தங்கமான லப்டொப்.

லப்டொப்புக்கு இன்னொரு இலாபம், அதற்குள்ளேயே பற்றரி இருப்பது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி ஒன்று இனி வராது என்று வைத்துக்கொண்டாலும், 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுவதும் இருளானதாக மின்சக்தி அமைச்சரே சொன்னார். குரங்குக்கு யார் உத்தரவாதம் தருவது? பழைய பற்றரி இருபது நிமிடம்தான் தாங்கும் என்றாலும், அடிக்கடி வந்து போகும் சின்ன வெட்டுகளைக் கடத்திவிடும். ஆனால் பற்றரி ஊதியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். லப்டொப்பைச் சமதரையில் வைத்தால் ஆடுகிறதா, விரல் தேய்க்கும் பட்டை மேலே எழும்பி நிற்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் பற்றரியைக் கழற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. ஊதிய பற்றரியைக் குத்தவோ அமத்தவோ கூடாது, எரியும். எங்கள் வெக்கைக்கு எந்நேரமும் நூறு வீதம் சார்ஜில் வைத்திருந்தால் நல்ல பற்றரியும் ஊதும். திங்பாட் போன்ற சில லப்டொப்களில் 80 வீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி உண்டு, அதைப் போட்டுவிடுங்கள்.

ராம் 2 ஜிபி இருந்தால் கோப்புப் பகிர்வுக்குப் போதும், 4 ஜிபி இருந்தால் வசதி. சிப் 64-பிட்டாக இருக்க வேண்டும். விண்டோஸுக்குப் பதிலாக நாம் போடப்போவது டெபியன் என்ற இலவச லினக்ஸ் இயங்குதளம்; 2025 ஓகஸ்டில் வந்த அதன் 13ஆம் பதிப்பை 32-பிட் கணினியில் புதிதாகப் போட முடியாது. திரை உடைந்ததைப் பற்றிக் கவலை வேண்டாம், நிறுவும் நாளில் மட்டும் ரிவியில் கொழுவினால் சரி.

டிஸ்க்

காசு செலவழிப்பதென்றால் இதற்குச் செலவழியுங்கள். கணினி பழையதாக இருக்கலாம், டிஸ்க் பழையதாக இருக்கக் கூடாது. இயங்குதளத்துக்கு 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, கோப்புகளுக்கு 1 அல்லது 2 டெராபைட் ஹாட் டிஸ்க் ஒன்று. லப்டொப்பில் இரண்டுக்கு எங்கே இடம் என்றால், இப்போது யாரும் தொடாத டிவிடி டிரைவ் இருக்கிறதே, அதைக் கழற்றி அந்த இடத்தில் டிஸ்க் கொழுவும் சட்டம் கடைகளில் விற்கிறார்கள். 9.5 மில்லிமீற்றர், 12.7 மில்லிமீற்றர் என்று இரண்டு தடிப்பு உண்டு. உங்கள் டிவிடி டிரைவை அளந்துகொண்டு போங்கள். அது வேண்டாம் என்றால் வெளியே யூஎஸ்பியில் கொழுவும் டிஸ்கும் சரிதான், உள்ளே நீல நிறம் தெரியும் யூஎஸ்பி 3 துளையாகப் பார்த்துக் கொழுவுங்கள்.

கைவசம் இருக்கும் பழைய டிஸ்கையே பாவிக்கத்தான் போகிறீர்கள் என்றால் அதன் உடல்நிலையைக் கேட்டுவிட்டுப் பாவியுங்கள். ஒவ்வொரு டிஸ்கும் ஸ்மார்ட் என்ற பெயரில் தன் வரலாற்றைத் தானே எழுதி வைக்கிறது. லினக்ஸில் ஸ்மார்ட்மொன்டூல்ஸ் என்ற பொதியைப் போட்டால் அதைப் படிக்கலாம். நீளமான பட்டியல் வரும். பார்க்க வேண்டியது மூன்று வரி. 5ஆம் இலக்கம், பழுதாகி மாற்றிய பகுதிகளின் எண்ணிக்கை. 197ஆம் இலக்கம், படிக்க முடியாமல், இன்னும் மாற்றப்படாமல் நிற்கும் பகுதிகள். இரண்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த டிஸ்கில் குடும்பப் படம் வைக்காதீர்கள். 9ஆம் இலக்கம் ஓடிய மணித்தியாலம். சிசிரிவி பெட்டியில் இருந்து கழற்றி விற்கும் டிஸ்கில் இந்த இலக்கம் 40,000ஐத் தாண்டியிருந்தால் நாலரை வருடத்துக்கு மேல் இராப்பகலாகச் சுழன்றது என்று அர்த்தம்.

நிறுவுதல்

வேறொரு கணினியில் டெபியனை இறக்கி, ரூஃபஸ் மாதிரி ஒரு கருவியால் பென் டிரைவில் எழுதி, லப்டொப்பில் கொழுவித் தொடங்க வேண்டும். நிறுவும்போது ஓர் இடத்தில் என்னென்ன மென்பொருள் வேண்டும் என்று கேட்கும். டெஸ்க்டொப் சூழல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எஸ்எஸ்எச் சேர்வரையும் அடிப்படைக் கருவிகளையும் மட்டும் விடுங்கள். முடிந்ததும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும்தான் தெரியும். பயப்பட வேண்டாம், அந்தத் திரையை நீங்கள் பிறகு பார்க்கப் போவதே இல்லை. எஸ்எஸ்எச் வழியாக உங்கள் மற்றக் கணினியில் இருந்தோ போனில் இருந்தோ கட்டளை கொடுப்பீர்கள்.

அப்புறம் மூன்று சின்ன வேலை. மூடியை மூடினாலும் லப்டொப் உறங்கக் கூடாது என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரி மாற்ற வேண்டும். ரவுட்டரின் பக்கத்துக்குள் போய், இந்த லப்டொப்புக்கு எப்போதும் 192.168.1.50 மாதிரி ஒரே இலக்கத்தைக் கொடுக்கும்படி பதிய வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்குப் பிறகும் முகவரி மாறி, வீட்டார் "உன்ர சேர்வர் வேலை செய்யுதில்லை" என்பார்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக ஏறும்படியும் செய்துவிடுங்கள்.

கோப்புப் பகிர்வுக்கு சம்பா. 1992இல் தொடங்கிய பழைய மென்பொருள், விண்டோஸ், அன்ட்ரொயிட், ரிவி எல்லாவற்றோடும் பேசும். இதைப் போட்டுவிட்டு ஒரு மாதம் அப்படியே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. சினிமாப் படம் பார்க்க ஜெலிஃபின், போனில் எடுத்த படங்களைத் தானாகச் சேர்வரில் சேர்க்க சிங்திங் என்று பட்டியல் நீளும்; முதல் நாளிலேயே எல்லாவற்றையும் ஏற்றினால் எது எதைக் குழப்பியது என்று தெரியாது. ஜெலிஃபின் போடும்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பழைய சிப்பால் படத்தை ஒரு வடிவத்தில் இருந்து இன்னொன்றுக்கு ஓட்டத்திலேயே மாற்றிக் கொடுக்க முடியாது, மூச்சு வாங்கும். எச்.264 வடிவத்தில் வைத்திருந்தால் அநேகமாக எல்லா ரிவியும் போனும் மாற்றாமலே வாசிக்கும், சேர்வருக்கு வேலையே இல்லை.

லப்டொப்பை ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்து கேபிளால் இணையுங்கள். வைஃபை போதும் என்று தோன்றும், ஆனால் பெரிய கோப்பு அனுப்பும்போது வித்தியாசம் தெரியும்.

கரண்ட், இடி, தூசு

மேசைக்கணினியைத்தான் சேர்வராக்குகிறீர்கள் என்றால், கரண்ட் போய் வந்ததும் அது தானாக எழும்ப வேண்டும். கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயோஸுக்குள் 'ரிஸ்டோர் ஒன் ஏசி பவர் லொஸ்' என்றோ அதை ஒத்த பெயரிலோ ஒரு தெரிவு இருக்கும். அதை 'பவர் ஒன்' என்று வையுங்கள். வைத்தும் எழும்பவில்லை என்றால் மதர்போட்டில் இருக்கும் ஒற்றை நாணய அளவுப் பற்றரியைப் பாருங்கள், சிஆர்2032. பத்து வருடப் பழைய கணினியில் அது செத்திருக்கும். அது செத்தால் கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும் பயோஸ் எல்லாவற்றையும் மறந்துவிடும், நீங்கள் வைத்த தெரிவு உட்பட. கணினி சரியில்லை என்று ஒதுக்கிய பல மேசைக்கணினிகளுக்கு இந்த மலிவான பற்றரிதான் நோய். லப்டொப்களில் இந்தத் தெரிவு பெரும்பாலும் இருக்காது. டெல் லட்டிட்யூட் மாதிரிச் சிலவற்றில் 'வேக் ஒன் ஏசி' என்று உண்டு. ரவுட்டருக்கும் ஒரு சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் தேவை. சேர்வர் விழித்திருந்து ரவுட்டர் உறங்கினால் பயனில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கினால் புளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. ரவுட்டருக்கு வெளியே கம்பத்தில் அன்ரெனா இருந்தாலோ செப்புத் தொலைபேசிக் கம்பி வந்தாலோ, ரவுட்டரில் இருந்து சேர்வருக்கு வரும் கேபிளையும் கழற்ற வேண்டும். மின்னல் அந்த வழியாலும் வரும். சேர்வரை நிலத்தில் வைக்காதீர்கள். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது கட்டிலின் உயரம் எவ்வளவு என்று பலர் அறிந்துகொண்டார்கள்.

சோளகக் காற்றுக் காலத்தில் செம்மண் தூசு எதையும் விடாது. வருடத்துக்கு ஒருமுறை திறந்து மெல்லிய பெயின்ற் பிரஷால் தட்டுங்கள். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு தட்ட வேண்டும், சுழலவிட்டு ஊதக் கூடாது. மேசைக்கணினியின் பவர் சப்ளைக்குள் எறும்பும் பல்லியும் குடியிருக்கும், பல்லி முட்டைகூட இருக்கலாம். ஆனால் அந்தப் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம், புளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின் தேங்கி நிற்கும். வெளியில் இருந்து ஊதுவதோடு விடுங்கள்.

வெளியே இருந்து திறப்பது

கொழும்பில் வேலை செய்யும் அண்ணா அங்கிருந்து படம் பார்க்க வேண்டும் என்பார். ரவுட்டரில் 'போர்ட்' என்ற வாயிலை வெளியுலகத்துக்குத் திறந்துவிடச் சொல்லும் பழைய வழிகாட்டல்களைப் பின்பற்றாதீர்கள். முதலாவது, 4ஜி இணைப்புகளில் பெரும்பாலும் உங்கள் வீட்டுக்கென்று தனி வெளி முகவரி கிடையாது, பல வீடுகள் ஒரே முகவரியைப் பங்கிட்டிருக்கும், ஆகவே அது வேலை செய்யாது. இரண்டாவது, வேலை செய்தால் ஆபத்து. 2017இல் வன்னாகிரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது இப்படி வெளியே திறந்து கிடந்த விண்டோஸ் கோப்புப் பகிர்வு வாயில்கள் வழியாகத்தான். டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளை சேர்வரிலும் அண்ணாவின் போனிலும் போட்டால் இரண்டுக்கும் இடையில் பூட்டிய வழி ஒன்று அமையும். தனிப்பட்ட பாவனைக்கு இலவசம். இந்த வழியில் மட்டும் உங்கள் டேட்டா செலவாகும், அதனால் அண்ணாவைப் படங்களோடு நிற்கச் சொல்லுங்கள், சினிமாவுக்குப் போக வேண்டாம்.

இரண்டாவது பிரதி

இரண்டு டிஸ்கில் ஒரே நேரத்தில் எழுதும் ரெயிட் முறையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அது ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும். யாராவது தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழித்துவிடும். இடி விழுந்தால் இரண்டும் போகும். வீட்டுக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம். அந்தக் காசில் வெளியே கொழுவும் டிஸ்க் ஒன்றை வாங்கி, மாதத்துக்கு ஒருமுறை ஆர்சிங்க் கட்டளையால் படங்களையும் ஆவணங்களையும் மட்டும் பிரதி செய்து, கழற்றி, வேறொரு வீட்டில் கொண்டுபோய் வையுங்கள். தங்கச்சி வீடு வவுனியாவில் என்றால் இன்னும் நல்லது. சினிமாப் படங்களைப் பிரதி செய்யத் தேவையில்லை, திரும்ப இறக்கலாம். லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையில் அமைத்த டிஸ்க் விண்டோஸ் கணினியில் நேரடியாகத் திறக்காது. தங்கச்சி வீட்டில் விண்டோஸ் மட்டும்தான் இருக்கிறது என்றால் அந்தப் பிரதி டிஸ்கை எக்ஸ்ஃபட் முறையில் ஃபோர்மட் செய்துகொண்டு, கொடுத்த அன்றைக்கே அவவின் கணினியில் கொழுவி நாலு படத்தைத் திறந்து பார்த்துவிட்டு வாருங்கள்.